பறவைக் காருக்கு ஓசூர் பிராக்கெட்

1

இன்று காலை தபாலில் ஒரு ஸ்டிக்கர் வந்தது. தீப்பெட்டி லேபிளைவிடச் சின்னது. காரின் நம்பர் பிளேட் மூலையில் வருடத்துக்கு ஒருமுறை ஒட்ட வேண்டியது. இங்கே ஓஹையோவில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் வருவதுதான், இதற்கெல்லாம் யாரும் உட்கார்ந்து எழுதமாட்டார்கள். ஆனால் உறையின்மேல் என் பெயர் இருந்தது. என் பெயர் மட்டும். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஓசூரில் இருக்கும் உங்களுக்கு இதில் என்ன பெருமை என்று தோன்றும். சொல்கிறேன். என் கணவர் பாஸ்கருக்கு இங்கே மென்பொருள் வேலை. எட்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் எங்கள் மகள் ப்ரீத்தியும் வந்து சேர்ந்தோம். என் விசாவில் என்னைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் சொன்னால் ‘சார்ந்திருப்பவர்’. சார்ந்திருப்பவர் சமைக்கலாம், நூலகத்துக்குப் போகலாம், வாசலில் பனி அள்ளலாம். சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது.

நானோ சிப்காட்டில் ஒரு டூல்ரூமில் ஒன்பது வருடம் டிராயிங் போர்டின் முன் நின்றவள். மற்ற தொழிற்சாலைகளுக்கு வேண்டிய அச்சுகளையும் பிடிமானங்களையும் செய்துகொடுக்கும் சின்னப் பட்டறை அது. நான் வரைந்தால்தான் மிஷின் ஓடும். அப்படிப்பட்ட என்னை இங்கே ஏழு வருடமாக ‘மிஸஸ் பாஸ்கர், சாம்பார் பிரமாதம்’ என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். வீட்டுக்கு வந்ததும் பாத்திரங்கள்தான் அடி வாங்கும்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் ப்ரீத்தியின் பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அப்பாவின் தொழில், அம்மாவின் தொழில். அவளே நிரப்பினாள். அப்பாவுக்கு நேராக இரண்டு வரி எழுதினாள். எனக்கு நேராக ஒரு சின்னக் கோடு போட்டாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தக் கோடு எனக்கு நெஞ்சில் குத்தியது. அன்று மாலையே பாஸ்கரிடம், “ஏங்க, நான் ஒரு பழைய காரு வாங்கப் போறன்” என்றேன்.

“நமக்குத்தான் காரு இருக்குதே?”

“அது ஆபீசுக்குப் போற காரு. நான் சொல்றது கழட்டி மாட்டற காரு.”

அவர் தர்மபுரிக்காரர். எதற்கும் உடனே பதில் சொல்லமாட்டார். ரசத்தை ஊற்றிப் பிசைந்து முடித்த பிறகு, “கழட்டறது சரி. மாட்டிருவியா?” என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கதையே.

2

எனக்குக் காரில் பைத்தியம் பிடித்தது அமெரிக்காவில் அல்ல. எங்கள் குடும்பம் புதுக்கோட்டைப் பக்கம். அப்பாவுக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை கிடைத்து நாங்கள் வந்தபோது எனக்கு ஐந்து வயது. பிற்பாடு கிருஷ்ணகிரியில் டிப்ளமோ படிக்க தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். அந்த ரோட்டில் நீங்கள் இன்றைக்கும் பார்க்கிற காட்சிதான்: லாரி ஃபேக்டரியிலிருந்து வெறும் சேஸிஸ்கள் வரிசையாகப் போகும். மேலே கூடு கிடையாது, கதவு கிடையாது. நீளமான இரண்டு இரும்புச் சட்டம், எஞ்சின், ஒரு சீட்டு, ஸ்டியரிங். டிரைவர் முகத்தில் துண்டைச் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி போட்டு, சூளகிரிக் காற்றையெல்லாம் நெஞ்சில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியூர்க்காரர்கள் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நமக்கு அது பழக்கம்.

அந்த பஸ்ஸில்தான் எனக்கு ஒரு விஷயம் புத்தியில் ஏறியது. வண்டி என்பது சேஸிஸ். மற்றதெல்லாம் மேலே போட்டுக்கொள்கிற சட்டை. சட்டை கிழிந்தால் மாற்றலாம், எஞ்சின் செத்தால் வேறு வைக்கலாம், முதுகெலும்பு கோணினால் ஒன்றும் செய்ய முடியாது. இங்கே பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் பெயின்டைத் தடவிப் பார்க்கிறார்கள், அடுத்து எஞ்சின் உறுமலைக் கேட்டுச் சொக்கிப்போகிறார்கள். நான் அந்தத் தப்பைச் செய்வதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

3

மூன்று கார் பார்த்தோம். கம்பெனிப் பெயர் எழுதமாட்டேன். எழுதினால் எங்கள் மாமா அதையே நாலு வீட்டில் சொல்லி, நான் கோடீஸ்வரி ஆகிவிட்டேன் என்று பரப்பிவிடுவார்.

முதலாவது, முகப்பில் குதிரைச் சின்னம் வைத்தது. ஒரு விவசாயியின் கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவில் நின்றது. சிவப்பு நிறம், எஞ்சின் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. பாஸ்கர் முகத்தில் ஒரே பிரகாசம். நான் கைப்பையிலிருந்து ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை எடுத்தேன். நம் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில் படம் போட்டது. பெயின்டைக் கீறாமல் இருக்க அதைக் கைக்குட்டையில் சுற்றி, கதவின் அடிப்பகுதி நெடுக வைத்துப் பார்த்தேன். இரும்பு இருக்கிற இடத்தில் ஒட்டும், துருவைத் தோண்டிப் பட்டி மாவு பூசிய இடத்தில் கீழே விழும். சாமி நாலு இடத்தில் கீழே விழுந்தார். இந்த ஊரில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள், அது காரை அடியிலிருந்து தின்றுவிடுகிறது. சுடிதாரோடு தரையில் மல்லாந்து உள்ளே போய்ப் பார்த்தேன். தரைத்தகடு அப்பளமாக இருந்தது. கால் வைத்தால் ரோட்டில் நிற்கலாம்.

“வேணாம்” என்று வெளியே வந்தேன். பாஸ்கர் வைக்கோலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைமுடியெல்லாம் வைக்கோலோடு நிற்கிறவளைத் தெரிந்தவள்போல் காட்டிக்கொள்ளலாமா என்ற யோசனை அவருக்கு.

இரண்டாவது, தலைவிளக்கு இமைபோல் திறந்து மூடுகிற கார். உடம்பெல்லாம் ஃபைபர், துருப்பிடிக்க ஒன்றுமில்லை. அழகென்றால் அப்படியொரு அழகு. ஆனால் இரண்டே சீட்டு. நாங்கள் மூன்று பேர். விற்கிறவர், “மகளுக்குச் சீக்கிரமே சொந்தக் கார் வந்துவிடும்” என்றார். இவர்களுக்குப் பிள்ளைகள் விலகிப்போவதுகூட ஒரு வசதிதான் போல. அந்தப் பேச்சிலேயே அந்தக் காரின்மேல் எனக்கு மனசு விட்டுப்போனது.

மூன்றாவதுதான் இது. பானெட்டில் சிறகு விரித்த பறவைப் படம், அதிலும் ஒரு சிறகு உரிந்துபோயிருந்தது. எண்பதுகளில் செய்த கார். எஞ்சின் இறுகிப்போய்ச் சுற்றவே இல்லை. சீட்டு கிழிசல், வெயிலில் டாஷ்போர்டு வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. அந்த வெடிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு ஆசை வந்தது. “எந்த ஊர் வண்டி?” என்று கேட்டேன். அரிசோனா என்றார். வெயில் ஊர், உப்பு கிடையாது. காந்தம் எங்கு வைத்தாலும் ஒட்டியது. நூல்கண்டை எடுத்து, சட்டத்தின் முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் இழுத்து அளந்தேன். இரண்டும் ஒரே நீளம். முதுகெலும்பு நேர்.

“எஞ்சின் செத்த வண்டியை வாங்கற ஒரே ஆளு நீயாத்தான் இருப்ப” என்றார் பாஸ்கர்.

“எஞ்சின் உயிரோட இருந்தா இவன் எனக்கு இந்த வெலைக்குத் தருவானா?” என்றேன். அன்றே பேசி முடித்தோம்.

4

காரை என் பெயரில் பதிய மூன்று தடவை நடந்தேன். அந்த அலுவலகத்தின் கணினியில் ஒன்பது இலக்க அரசாங்க எண் கேட்கும் ஒரு கட்டம் இருந்தது. வேலை செய்கிறவர்களுக்குத்தான் அந்த எண். வேலை செய்ய எனக்கு அனுமதி இல்லை, ஆகவே எண் இல்லை, ஆகவே கட்டம் நிறையாது, ஆகவே கார் என்னுடையது ஆகாது. கவுன்டரில் இருந்த அம்மாள் நல்லவர். “கணவர் பெயரில் பதிந்துவிடலாமே, இரண்டு நிமிடத்தில் முடியும்” என்றார். மாட்டேன் என்றேன். எனக்கு எண் கொடுக்க முடியாது என்று இன்னொரு அலுவலகத்தில் கடிதம் வாங்கிவரச் சொன்னார்கள். இல்லை என்பதற்கு அத்தாட்சி! வாங்கிவந்தேன். மூன்றாம் முறை அவரே மேலாளரைக் கூப்பிட்டு, ஏதோ செய்து, அந்தக் கட்டத்தைத் தாண்டினார். காகிதம் என் பெயரில் வந்தபோது, அவர் கவுன்டருக்கு வெளியே கையை நீட்டிக் குலுக்கினார். அந்தக் கையை நான் மறக்கமாட்டேன்.

அதே கம்பெனியின் பிற்காலத்து டிரக் ஒன்று விபத்தில் நசுங்கிக் கிடந்தது, அதிலிருந்து எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்று கிடைத்தது. புது எஞ்சினைப் பழைய காரில் உட்கார வைக்க இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கிகள் வேண்டும். பிராக்கெட் என்போம். கடையில் ரெடிமேடாகவும் கிடைக்கிறது. ஆனால் எஞ்சினை ஓர் அங்குலம் பின்னால் தள்ளி வைத்தால் முன்பக்கப் பாரம் குறையும், வண்டி வளைவுகளில் சொன்ன பேச்சைக் கேட்கும். அந்த ஓர் அங்குலத்துக்குக் கடையில் பிராக்கெட் இல்லை. நானே வரைந்தேன். ஓசூரிலிருந்து பெட்டியில் துணிக்கு நடுவே கொண்டுவந்த வரைபடக் கருவியான டிராஃப்டரைச் சாப்பாட்டு மேஜையில் பொருத்தியபோது, ஏழு வருடத்தில் முதல் முறையாக எனக்குக் கை அரிப்பு தீர்ந்தது.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. எங்கள் குடியிருப்பின் நிர்வாகம் அனுப்பியது. கூரை போட்ட கார் நிறுத்துமிடத்தில் உங்களுடைய வாகனம் நெடுநாளாக அசையாமல் நிற்கிறது. ஓடாத வாகனத்தை இங்கே வைத்திருக்க விதி இல்லை. ஆறு வாரம் கழித்து இன்ன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேலாளர் வந்து பார்ப்பார். அது தன் சொந்த எஞ்சினில் கிளம்பி நகர வேண்டும். இல்லாவிட்டால் இழுவை வண்டி வந்து எடுத்துச் செல்லும்.

ப்ரீத்தி கடிதத்தைப் படித்துவிட்டு ஆங்கிலத்தில், “நல்லதாப் போச்சு” என்றாள். பள்ளி பஸ் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் எங்கள் கார் தெரியும். நீலத் தார்ப்பாய் போட்ட அந்தக் குவியல் யாருடையது என்று தோழிகள் கேட்டபோது, தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

5

பிராக்கெட்டைச் செய்ய பக்கத்து ஊரில் டேவ் என்பவரின் பட்டறையில் கொடுத்தேன். அங்குலக் கணக்கில் வரைந்து கொடுத்தேன், துளி அளவும் தவறாமல். இரண்டு வாரத்தில் பளபளவென்று செய்து தந்தார். வாடகைக்கு எடுத்த பளு தூக்கியில் எஞ்சினைத் தொங்கவிட்டு இறக்கினேன். இடது பிராக்கெட்டின் ஓட்டைகள் கிழக்கே பார்த்தால், எஞ்சினின் ஓட்டைகள் மேற்கே பார்த்தன. திருப்பிப் பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன். வலதும் அப்படியே. கண்ணாடியில் பார்த்துச் செய்ததுபோல் எல்லாமே இடம் வலம் மாறி இருந்தது.

இடதை வலதுக்கு மாட்டலாமே என்பீர்கள். அதற்கும் வழியில்லை. ஒரு பக்கம் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இடம்விட்டு அதை வேறு வடிவமாக வரைந்திருந்தேன்.

டேவிடம் சண்டைக்குத்தான் போனேன். அவர் அமைதியாக என் வரைபடத்தை மேஜையில் விரித்தார். “நீங்கள் வரைந்ததைத்தான் செய்தேன்” என்றார். பார்த்தேன். அவர் சொன்னது சரி.

நம் ஊரில் ஒரு பொருளை முன்னாலிருந்து பார்த்து வரைந்த பிறகு, மேலிருந்து பார்க்கும் படத்தை அதற்குக் கீழே வரைவோம். பாலிடெக்னிக்கில் முதல் மாதமே கையில் அடித்துச் சொல்லித்தருவது அது. அமெரிக்காவில் நேர்மாறு. மேலிருந்து பார்ப்பதை மேலேதான் வரைவார்கள். கீழே இருந்தால், அது அடியிலிருந்து பார்த்த படம் என்று எடுத்துக்கொள்வார்கள். அடியை மேலாக்கிச் செய்தால் பொருள் இடம் வலம் மாறிப் பிறக்கும். எந்த முறை என்று காட்ட வரைபடத்தின் மூலையில் ஒரு சின்னச் சின்னம் போட வேண்டும். அங்குலத்தில் அத்தனை கவனமாக இருந்த நான் அந்தச் சின்னத்தைப் போடவில்லை. ஓசூரில் போடுவதே இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி படித்தவர்கள், எதற்குப் போடவேண்டும்?

ஒன்பது வருட அனுபவம் என்று மார்தட்டியவளுக்கு நல்ல மூக்கறுப்பு. டேவ் மறுபடி செய்யத் தயார்தான், ஆனால் கையில் இருக்கும் வேலை முடிய ஐந்து வாரம் ஆகும் என்றார். எனக்கு மிச்சம் இருந்தது மூன்றரை வாரம்.

வீட்டுக்கு வந்து எஞ்சினைப் பழைய டயர்களின்மேல் இறக்கி வைத்தேன். பாஸ்கர் அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். ‘மாட்டிருவியா’ என்று மறுபடி கேட்டிருந்தால்கூடத் தேவலை. எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் காபியைக் குடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

6

காபி ஆறுவதற்குள் எனக்கு எல்லப்பண்ணன் நினைவு வந்தது. எங்கள் பழைய டூல்ரூமில் மில்லிங் மிஷின் அவருடையது. ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், பட்டறையில் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். போன் கார்டைச் சுரண்டி நம்பரை அடித்தேன். அங்கே காலை ஷிஃப்ட் ஆரம்பித்திருந்தது.

“எல்லப்பண்ணா, நான் சுமதி பேசறன்.”

“எந்த சுமதி? நம்ம டிராயிங் சுமதிம்மாவா? அய்யோ ராமா! அமெரிக்காவுல இருந்தா பேசற? வாய்ஸு ராயக்கோட்ட ரோட்ல இருந்து பேசற மாரி கேக்குதே!”

நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் பெரிய சிரிப்பு.

“நம்ம டிராயிங்க அவங்க தலகீழா படிச்சிட்டாங்களா? நீ அனுப்பும்மா. இங்க நேராத்தான் படிப்போம்.”

ஈமெயிலில் அனுப்பினேன். அதே பழைய வரைபடம், ஒரு கோடு மாற்றவில்லை. அந்த வாரம் அவர்களுக்குப் பெரிய டெஸ்பாட்ச் நெருக்கடி. முதலாளியிடம் கேட்டுவிட்டு, சாப்பாட்டு இடைவேளைகளில் செய்ததாகப் பிறகு தெரிந்தது. நாலாம் நாள் போன் செய்தேன். “ஆயித்தும்மா” என்றார் கன்னடத்தில். முடிந்துவிட்டது. எனக்கு அந்த ஒரு சொல்லில் பாதி உயிர் திரும்பி வந்தது.

கொண்டுவரத்தான் ஆள் வேண்டும். அதற்குத் தெய்வமே அனுப்பினதுபோல் எங்கள் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. அப்பாவுக்குப் பின்னாலேயே ஓசூர் வந்து, கர்நாடக எல்லையில் ஜூஜுவாடி செக்போஸ்ட் ஓரத்தில் லாரி புக்கிங் ஆபீசில் காலம் தள்ளியவர். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும் தன் மகனைப் பார்க்க, அடுத்த வாரம் முதல் முறையாக விமானம் ஏற இருந்தார். எல்லப்பண்ணன் பைக்கில் போய்ப் பிராக்கெட்டுகளை அவரிடமே சேர்த்தார். அன்று மாமா போன் செய்தார்.

“என்னாம்மா இது, அம்மிக்கல்லு மாரி கெனமா இருக்குது? எட்டுக் கிலோ! உங்கத்த குடுத்த ஊறுகா, தக்காளித் தொக்கு, பருப்புப்பொடி எல்லாத்தையும் வெளிய எடுக்கச் சொல்றியா?”

“மாமா, ஊறுகா இல்லைன்னா ஒண்ணும் ஆவாது. இது வரலன்னா என் வண்டியை இழுத்துட்டுப் போயிருவாங்க.”

“வண்டியை நிறுத்தறானா? அவன் யாரு நம்ம வண்டியை நிறுத்தறதுக்கு?” என்றார். செக்போஸ்ட்டில் வண்டி நின்றால் பொறுக்காத மனிதர். ஊறுகாய் ஜாடி ஓசூரிலேயே தங்கியது.

விமான நிலையத்தில் நடந்ததை, மாமாவிடம் கேட்டு அவர் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். நாலு வேட்டிக்கு நடுவில் இரண்டு இரும்புக் கட்டி. இது என்ன என்று கேட்பதற்குள் மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை நீட்டியிருக்கிறார். புக்கிங் ஆபீசில் தானே எழுதிக்கொண்டுவந்த டெலிவரி சலான், லாரியில் சரக்கோடு போகிற காகிதம். வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று காப்பி. அனுப்புநர், பெறுநர், சரக்கின் விவரம், எடை, ‘விற்பனைக்கல்ல’ என்ற குறிப்பு, கீழே ரப்பர் ஸ்டாம்ப், கையெழுத்து. அதிகாரி மூன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை ஒழுங்கான காகிதத்தைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிச் சிரித்துப் போகச் சொல்லிவிட்டாராம். மாமா நகரவில்லை. “ரோஸ் காப்பி உங்களுது, வெச்சிக்குங்க” என்று கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

என் கைக்கு வந்ததும் துணியைப் பிரித்தேன். பிராக்கெட்டுகளுக்குச் சாம்பல் நிறத்தில் தடிமனாக இரண்டு கோட் பெயின்ட். ஒவ்வொரு விளிம்பும் கை கிழிக்காதபடி ராவியிருந்தது. இடது பிராக்கெட்டில் கம்பியால் ஓர் அட்டை கட்டியிருந்தது. பார்த்ததுமே அது என்னவென்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். எந்த வேலையானாலும் முதல் பீஸ் முடிந்ததும் மிஷினை நிறுத்திவிடுவோம். அந்தப் பீஸில் ஒரு பச்சை அட்டை கட்டி, வரைந்தவர், செய்தவர் பெயர் எழுதி, சோதனைக்கு அனுப்புவோம். சோதித்தவர் கையெழுத்துப் போட்டு ‘ஃபர்ஸ்ட் பீஸ் ஓகே’ என்று சொன்னால்தான் மிஷின் மறுபடி ஓடும். ஒன்பது வருடத்தில் நூற்றுக்கணக்கான அட்டையில் என் பெயர் வரைந்தவர் என்று ஏறியிருக்கிறது. சோதித்தவர் இடத்தில் ஒரு தடவைகூட என்னைக் கையெழுத்துப் போட விட்டதில்லை. டிராயிங் போடுகிற பெண்ணுக்கு அது எதற்கு என்பார்கள்.

இந்த அட்டையில் வரைந்தவர் சுமதி. செய்தவர் எல்லப்பா. சோதித்தவர் இடம் காலி. அதற்குக் கீழே எல்லப்பண்ணனின் கோணல் எழுத்தில் ஒரு வரி: ‘வண்டி ஓடுனா நீயே போட்டுக்கோம்மா.’

7

பிராக்கெட்டுகள் தட்டாமல், நெம்பாமல் உட்கார்ந்தன. போல்ட்டுகளைக் கையாலேயே திருகி உள்ளே ஏற்றினேன். அதற்குப் பிறகு ஒயரிங், பெட்ரோல் குழாய், ரேடியேட்டர் என்று மிச்சமிருந்த பன்னிரண்டு நாளும் ஓடியே போயின. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத்தான் சைலன்சரை மாட்டி முடித்தேன். அதுவரை ஒரு தடவைகூடச் சாவியைத் திருப்பவில்லை.

பத்து மணிக்கு மேலாளர் கரோல் வந்தார். கையில் எழுதும் அட்டை, அதில் ஒரு படிவம். பின்னாலேயே இழுவை வண்டியும் வந்து தெருமுனையில் நின்றது. அக்கம்பக்கத்தவர்கள் நாய்களை நடத்துகிற சாக்கில் கூடிவிட்டார்கள். மாமா மகன் வீட்டிலிருந்து வந்திருந்தார், வேட்டிக்குமேல் கம்பளிக் கோட்டு. ஓசூருக்குப் போட்ட கார்ட்லெஸ் போன் அவர் கையில். அங்கே மாலை ஏழரை, இரண்டாவது ஷிஃப்ட். ப்ரீத்தி வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்றது. அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். ‘டக்’.

கரோல் கடிகாரத்தைப் பார்த்தார். இழுவை வண்டிக்காரர் கதவைத் திறந்து இறங்கினார். இறங்கிப் பானெட்டைத் திறந்தேன். பேட்டரி புதுசு. ஸ்டார்ட்டர் புதுசு. ‘டக்’ என்கிறது என்றால் மின்சாரம் வருகிறது, ஆனால் திரும்பிப் போகப் பாதை இல்லை. எர்த்! எர்த் கேபிளை நான் இடது பிராக்கெட்டில்தான் முடுக்கியிருந்தேன். எல்லப்பண்ணன் பாசத்தோடு பூசிய இரண்டு கோட் பெயின்ட்டின்மேல். பெயின்ட் மின்சாரத்தை விடாது.

“ஏதாச்சும் சுரண்டறதுக்கு!” என்று கத்தினேன். பாஸ்கர் ஓடினார், கரண்டியோடு வந்தார். அது உதவாது. அதற்குள் ப்ரீத்தி தன் பையைக் கொட்டி நகம் ராவும் அரத்தை எடுத்து என் கையில் வைத்தாள். போல்ட்டைத் தளர்த்தி, கேபிளை விலக்கி, பெயின்ட்டை ராவினேன். சாம்பல் நிறம் போய் வெள்ளையாக இரும்பு தெரிந்தது. மறுபடி முடுக்கினேன்.

சாவி. அரை நொடி சுற்றியது. பிறகு எட்டு சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு எழுப்பிய சத்தத்தில் நாய்கள் எல்லாம் குரைக்க ஆரம்பித்தன. நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. பாஸ்கர் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் குதித்து நான் பார்த்ததில்லை.

“நகர வேண்டும்” என்றார் கரோல், படிவத்தைக் காட்டி. நகர்ந்தேன். ப்ரீத்தி தானாக வந்து பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டாள். குடியிருப்பை ஒரு சுற்று சுற்றினோம். பள்ளி பஸ் நிறுத்தம் வந்ததும் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாவது சுற்றில் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். மூன்றாவது சுற்றை நான் கேட்கவில்லை, அவள்தான் கேட்டாள். “அம்மா, இன்னொரு வாட்டி. மெதுவாப் போ, எல்லாரும் பாக்கட்டும்.” தமிழில்தான் சொன்னாள்.

திரும்பி வந்து நிறுத்தியபோது இழுவை வண்டி போய்விட்டிருந்தது. கரோல் படிவத்தில் ஏதோ குறித்தார். பானெட்டைத் திறந்து, இடது பிராக்கெட்டில் கட்டியிருந்த பச்சை அட்டையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் பேனாவை இரவல் கேட்டேன். காலியாக இருந்த இடத்தில் என் பெயரை முழுசாக, அவசரப்படாமல் எழுதினேன். அட்டை இன்னமும் அங்கேதான் தொங்குகிறது, எண்ணெய்ப் பிசுக்கோடு.

மாமா போனை என் காதில் வைத்தார். அந்தப் பக்கம் ஒரே நிசப்தம். லைன் அறுந்துவிட்டதோ என்று பயந்தேன். எங்கள் பட்டறையில் ஷிஃப்ட் நடுவில் நிசப்தத்தை நான் கேட்டதே இல்லை.

“எல்லப்பண்ணா, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கறோம்மா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கறன். சத்தம் கேக்கணும்னு எல்லா மிஷினையும் நிறுத்தியிருக்கறோம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, வேலை நேரத்துக் குரலில் கேட்டார். “ஃபர்ஸ்ட் பீஸ் ஓகேவா மேடம்?”

ஒன்பது வருடம் வேலை பார்த்த இடத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“ஓகே எல்லப்பண்ணா. ஓட்டுங்க” என்றேன்.

முதலில் லேத் கிளம்பியது. அடுத்து அவருடைய மில்லிங் மிஷின். பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் ஓட ஆரம்பித்தன. போன் கார்டில் காசு தீரும்வரை கேட்டுக்கொண்டே நின்றேன்.